முக்கால் நொடி எடையின்மையில் தூசு திரள்வதைப் பார்ப்பது: குப்பம் வட்டாரப் பள்ளி, கல்லூரிகளுக்கான முழு வழிகாட்டி

கோள்கள் தூசிலிருந்து பிறக்கின்றன என்பதைப் பாடமாக நடத்துவது எளிது. அந்தத் தூசு எப்போது ஒட்டும், எப்போது எகிறும் என்பதைக் கண்ணால் பார்க்க ஒரு மாடிப்படி, இரண்டு பெட்டி, ஒரு நல்ல மொபைல் போதும். மாடியிலிருந்து விழவிட்ட பெட்டி தரை தொடும்வரை, கூடவே விழும் தூளுக்கு எடை இருக்காது. ஆந்திராவின் குப்பம், ராமகுப்பம், வி.கோட்டா பக்கத்து ஆசிரியர்களையும் எல்லைக்கு இந்தப்புறம் தமிழ்நாட்டின் நாட்றம்பள்ளி, வேப்பனப்பள்ளி மாணவர்களையும் மனதில் வைத்து இது எழுதப்பட்டது. அங்கே கிடைக்கும் பொருளும் அங்கே அடிக்கும் வெயிலும் இந்தச் சோதனைக்குத் தோதானவை.

முதல் முறை செய்பவர்கள் பெட்டி விழுவதில்தான் கவனம் வைக்கிறார்கள். பிழையோ அதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும். தூள் ஈரமாக இருந்தால் அது கட்டியாகவே பெட்டிக்குள் போகும், கட்டியாகவே விழும், கட்டியாகவே வீடியோவில் தெரியும். விழும் முன் ஒட்டியதை விழும்போது ஒட்டியதாக எழுதிவிடக் கூடாது. கீழே உள்ள வரிசை முழுவதும் இந்த ஒரு பிழையைத் தடுக்கவே அமைந்தது. படிகளை முன்பின் மாற்றாதீர்கள்.

1. முதலில் கேள்வியைச் சுருக்குங்கள்

இளம் விண்மீனைச் சுற்றும் வட்டில் மைக்ரோமீட்டர் (மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று) அளவுத் துகள்கள் மெல்ல மோதி, மூலக்கூறுகளுக்கு இடையே உள்ள வான்டெர்வால்ஸ் என்ற மெல்லிய இழுவிசையால் ஒட்டுகின்றன. 1998இல் டிஸ்கவரி விண்கலத்தின் எஸ்.டி.எஸ்-95 பயணத்தில் பறந்த ‘கோடாக்’ என்ற சோதனை இதைத்தான் பார்த்தது. அந்த மெல்லிய வளர்ச்சியை முக்கால் நொடிக்குள் பிடிக்க முடியாது. முயலவும் வேண்டாம்.

நமக்குக் கிடைப்பது அடுத்த கட்டம். துகள் மில்லிமீட்டரை நெருங்கியதும் ஒட்டுவது நின்று, மோதி மோதி எகிறத் தொடங்குகிறது. ‘எகிறல் தடை’ என்று இதைச் சொல்லலாம். இதைத் தாண்ட மின்னேற்றம் உதவும் என்பதை டியூஸ்பர்க்-எஸ்ஸன் பல்கலைக்கழகத்தினர் ஜெர்மனியின் பிரேமன் வீழ்கோபுரத்தில் (பொருள்களை விழவிட்டு எடையின்மையில் சோதிக்கும் கோபுரம்) கண்ணாடி மணிகளைக் குலுக்கி, விழவிட்டுக் காட்டி 2020இல் வெளியிட்டார்கள். அதற்கும் முன்பு, 2003இல், விண்வெளி நிலையத்தில் இருந்த விண்வெளி வீரர் டான் பெட்டிட் உப்பு, சர்க்கரை போன்றவற்றைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் குலுக்கியபோது அவை சில நொடிகளில் திரண்டன.

ஆகவே நம் கேள்வி இது: குலுக்கி மின்னேற்றம் பெற்ற மணிகள், குலுக்காத மணிகளைவிட அதிகம் ஒட்டுகின்றனவா? ஒரு பருவத்துக்கு இந்த ஒரு கேள்வி போதும்.

ஈர்ப்பை ஏன் நீக்க வேண்டும் என்று மாணவர் கேட்பார். துகளின் ஆரம் பத்து மடங்கானால் ஒட்டும் விசை ஏறத்தாழ பத்து மடங்காகும், எடையோ ஆயிரம் மடங்காகும். தரையில் எடைதான் வெல்லும். மணிகள் ஒன்றையொன்று தேடுவதற்குள் தரையில் படுத்துவிடும்.

2. உயரமும் இடமும்

விழும் நேரம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 1.5 மீட்டருக்கு 0.55 நொடி, 3 மீட்டருக்கு 0.78 நொடி, 5 மீட்டருக்கு 1.01 நொடி. உயரத்தை நான்கு மடங்காக்கினால்தான் நேரம் இரண்டு மடங்காகும். தரை தொடும் வேகமோ 3 மீட்டருக்கே நொடிக்கு 7.7 மீட்டர். 3 மீட்டரில் தொடங்குங்கள். முப்பது முறை பெட்டி உடையாமல் விழுந்த பிறகு 5 மீட்டருக்குப் போகலாம்.

பள்ளி மாடிப்படியின் நடுக்கிணறு நல்ல இடம், காற்று அடிக்காது. வெளியே செய்தால் மதியக் காற்றில் பெட்டி திரும்பும். வற்றிய விவசாயக் கிணற்றைப் பார்த்ததும் ஆழத்துக்கு ஆசைப்படுவார்கள். வேண்டவே வேண்டாம். அடியில் கெட்ட காற்று தங்கியிருக்கலாம், சுவர் ஈரம் தூளைக் கெடுக்கும், ஒவ்வொரு முறையும் யாராவது இறங்கி ஏற வேண்டும்.

பருவமும் முக்கியம். பிப்ரவரி, மார்ச் மாதங்கள் சிறந்தவை. காலை பதினொன்றுக்கு முன் தொடங்காதீர்கள், விடிகாலை ஈரப்பதம் கூடுதல். நூற்றைம்பது, இருநூறு ரூபாயில் கிடைக்கும் டிஜிட்டல் ஈரமானி ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். 40 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் வேலையைத் தொடங்கலாம். 60ஐத் தாண்டினால் அன்று பெட்டி செய்யுங்கள், தூளைத் தொடாதீர்கள். மணிகளுக்கு இடையே நீர்ப்படலம் பாலம் போடும். மின்னேற்றமும் நிற்காமல் கசிந்துவிடும்.

3. பெட்டிக்குள் பெட்டி

ஒரே பெட்டியை விழவிட்டால் காற்று அதைத் தடுக்கும். 40 செ.மீ. சதுர அடிப்பாகம், 9 கிலோ எடை உள்ள பெட்டி 3 மீட்டர் விழும்போது முடிவில் ஈர்ப்பின் 6 சதவீதம் உள்ளே திரும்பிவந்துவிடும். மணிகள் ஓரிரு செ.மீ. கீழ்நோக்கி நகரும். மணிகளை அடைக்கும் நம் சிறு கண்ணாடி அறையே 4 செ.மீ. உயரம்தான். அதனால் வெளிப்பெட்டி காற்றைத் தாங்கட்டும், உள்சட்டம் அதற்குள் தனியாக விழட்டும். அப்போது உள்ளே மிஞ்சும் காற்றுத்தடை ஈர்ப்பின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே போகும்.

வெளிப்பெட்டி: 9 மி.மீ. பிளைவுட், 40 × 40 × 55 செ.மீ., ஒரு பக்கம் கதவு. எடை 6 முதல் 7 கிலோ வரும். உள்சட்டம்: முக்கால் அங்குல அலுமினிய ஆங்கிள், 28 × 28 × 30 செ.மீ., எல்லாக் கருவியும் சேர்த்து இரண்டரை கிலோ.

காற்று வெளிப்பெட்டியைத் தடுப்பதால் உள்சட்டம் அதைவிடச் சற்று வேகமாக இறங்கும். 3 மீட்டரில் இந்த வித்தியாசம் 4 முதல் 5 செ.மீ. வரும். ஆகவே உள்சட்டத்துக்குக் கீழே குறைந்தது 10 செ.மீ. இடைவெளி வேண்டும், அதன் அடியில் 3 செ.மீ. ஃபோம். ‘இவ்வளவு இடம் எதற்கு வீண்’ என்று 3 செ.மீ. மட்டும் விடுபவர்கள் பாதி வழியில் சட்டம் முட்டி, மணிகள் உதறப்படுவதைத்தான் படம் பிடிக்கிறார்கள்.

இரண்டையும் ஒரே நரம்பில் தொங்கவிடுங்கள். தூண்டில் நரம்பு வெளிப்பெட்டியின் கூரைத் துளை வழியாக இறங்கி உள்சட்டத்தின் நடுவில் கட்டப்படட்டும். சட்டத்தின் தலை கூரையை உள்ளிருந்து தாங்கும். நரம்பு அறுந்ததும் இரண்டும் ஒரே கணத்தில் கிளம்பும். 25 கிலோ தாங்கும் நரம்பு வாங்குங்கள்.

சட்டத்தின் எடைமையம் நரம்புக்கு நேர் கீழே இருக்க வேண்டும். தொங்கவிட்டு மட்டப்பலகை வைத்துப் பாருங்கள். சாய்ந்திருந்தால் போல்ட், நட்டு கட்டிச் சரிசெய்யுங்கள். சாய்வாகக் கிளம்பும் சட்டம் சுழலும், சுழற்சி மணிகளைச் சுவருக்குத் தள்ளும்.

4. விடுவிப்பு

கத்தரியால் நரம்பை வெட்டாதீர்கள், கையின் உதறல் பெட்டிக்குப் போகும். மின்காந்தமும் வேண்டாம், மின்சாரத்தை நிறுத்திய பிறகும் சற்றுப் பிடித்து, ஒரு பக்கமாக விடும். சூட்டில் அறுப்பதே நல்லது. 0.4 மி.மீ. நிக்ரோம் கம்பி 15 செ.மீ. எடுத்து நரம்பைச் சுற்றித் தளர்வான சுருளாக்குங்கள். எமர்ஜென்சி விளக்கில் வரும் 6 வோல்ட் பேட்டரி போதும், நாலரை ஆம்பியர் அளவுக்கு ஓடும். ஓரிரு நொடியில் நரம்பு உருகி அறும்.

சுருளைப் பெட்டியின் கூரையிலிருந்து 10 செ.மீ.க்குள் வையுங்கள். நரம்பு இழுபட்டு நிற்கும் பொருள். கீழே நீளமாக மிஞ்சினால் சுருங்கும்போது சட்டத்தைச் சுண்டிவிடும்.

5. தாங்கும் படுக்கை

நிற்கும் தூரம்தான் எல்லாம். 3 மீட்டர் விழுந்து 40 செ.மீ.யில் நின்றால் சராசரி அதிர்ச்சி ஈர்ப்பின் ஏழரை மடங்கு. 5 செ.மீ.யில் நின்றால் 60 மடங்கு, மொபைல் போய்விடும். மணல் மூட்டை போடாதீர்கள், அது கல்லைப் போலத்தான் நிறுத்தும். கீழே பழைய பஸ் சீட் ஃபோம், மேலே தளர்வான இலவம்பஞ்சு மெத்தை, மொத்தம் 60 செ.மீ. சுற்றிலும் மரத்தூள் மூட்டை அடுக்கினால் பெட்டி உருளாது. மேலே நிற்பவர் கதவை மூடிவிட்டுக் குரல் கொடுத்த பிறகே பேட்டரி இணைக்கப்பட வேண்டும். கீழே யாரும் நிற்கக் கூடாது.

6. துகள்: அதிக நேரம் இங்கேதான் போக வேண்டும்

சாலைக் கோடு போடும் பெயின்ட்டில் தூவும் கண்ணாடி மணிகளே தொடக்கத்துக்கு ஏற்றவை. உருண்டை, ஒரே பொருள், எகிறுவது தெளிவாகத் தெரியும்.

கிரானைட் தூள் இரண்டாவது கட்டம். குப்பம் பக்கம் அதற்குப் பஞ்சமில்லை. குவார்ட்சும் ஃபெல்ஸ்பாரும் கலந்த சிலிக்கேட் என்பதால் வானத்துத் தூசுக்கு அது கொஞ்சம் கிட்டே வரும். ஆனால் கட்டிங் யூனிட்டுக்கு வெளியே கொட்டிக் கிடக்கும் ஸ்லரியை, அதாவது கல் அறுத்த சேற்றை, எடுக்காதீர்கள். கல் அறுக்கும் கேங்சா இயந்திரத்தில் ஓடிய இரும்புக் குண்டும் சுண்ணாம்பும் அதில் கலந்திருக்கும். கிரஷர் தூளை எடுத்து, காந்தம் ஓட்டிப் பார்த்து, கழுவிப் பயன்படுத்துங்கள். கடையில் கோலமாவு, முக்குப்பிண்டி என்று கேட்டு வாங்குவதும் உதவாது. கடைக்குக் கடை வேறு கல்லை அரைத்திருப்பார்கள். இன்றைய முடிவை நாளை ஒப்பிட முடியாது.

ஒரு எச்சரிக்கை, இதில் சமரசம் இல்லை. கல்தூளை உலர்ந்த நிலையில் சலிக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத சிலிக்கா நுரையீரலில் தங்கி சிலிக்கோசிஸ் என்ற தீராத நோயைத் தரும். குவாரி, கட்டிங் வேலைக்குப் போகிறவர்களின் வீடுகள் உள்ள ஊரில் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீரில் சலியுங்கள். உலர்ந்த பிறகு கையாளும்போது என்95 முகக்கவசம் போடுங்கள். சிந்தியதை ஈரத்துணியால் துடையுங்கள், விளக்குமாறு எடுக்காதீர்கள்.

சல்லடைக்குச் செலவு வேண்டாம். எந்தப் பாலிடெக்னிக் சிவில் லேபிலும் மண் பரிசோதனைக்கு 300, 150, 75 மைக்ரான் சல்லடைகள் இருக்கும். 300இல் இறங்கி 150இல் தங்கியதை எடுத்துக்கொள்ளுங்கள். 75க்குக் கீழே போகும் மாவை முழுவதும் கழுவி ஓட்டிவிடுங்கள். அந்த மாவு பெரிய மணிகள் மேல் பூச்சு போலப் படிந்து ஒட்டும் தன்மையையே மாற்றும். தவிர, பத்து மைக்ரான் துகள் காற்றோடு காற்றாகப் போகும். அதன் ஓட்டத்தில் நீங்கள் பார்ப்பது காற்றின் நடமாட்டம்தான். 200 மைக்ரான் மணிக்கோ வேகம் அடங்க 0.3 நொடி ஆகும், மோதலுக்கு நேரம் இருக்கும். வெற்றிடப் பம்ப் இல்லையே என்ற கவலை பலருக்கு உண்டு. இந்த அளவு மணிக்கு, இந்தக் கேள்விக்கு, அது இல்லாமலே தொடங்கலாம்.

கழுவும் முறை: சோப்பு நீரில் ஒரு முறை, குழாய் நீரில் மூன்று முறை, கடைசியில் இரண்டு முறை காய்ச்சி வடித்த நீரில். குழாய் நீரோடு நிறுத்தினால் உப்பு படிந்து மணிகளைப் பிணைக்கும். போர் தண்ணீர் என்றால் இது இன்னும் மோசம்.

பிறகு ஸ்டீல் தட்டில் மணிகளை ஒரே அடுக்காகப் பரப்பி 110 டிகிரி செல்சியஸில் 4 மணி நேரம் உலர்த்துங்கள். குவியலாக வைத்தால் மேலே காயும், உள்ளே காயாது. சூடு ஆறுவதற்கு முன்பே சிலிக்கா ஜெல் போட்ட கண்ணாடிப் புட்டியில் மூடுங்கள். வெளியே ஆறவிட்டால் காற்றின் ஈரத்தை அது திரும்பக் குடிக்கும், நான்கு மணி நேர வேலை வீண்.

சோதிக்க ஒரு வழி: உலர்ந்த மணிகளைச் சாய்ந்த கண்ணாடிச் சில்லில் கொட்டுங்கள். தண்ணீர் போல ஓடினால் சரி. தவறித் தவறி, கொத்துக் கொத்தாக இறங்கினால் மறுபடி ஓவனுக்கு.

7. அறையும் குலுக்கலும்

அறையை முழுக்கக் கண்ணாடியால் செய்யுங்கள்: 2 மி.மீ. கண்ணாடி, உள்ளளவு 4 செ.மீ. உயரம், 4 செ.மீ. அகலம், 2 செ.மீ. ஆழம். ஃபோட்டோ ஃபிரேம் கடையில் வெட்டித் தருவார்கள். மூலைகளை அரால்டைட்டால் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். அக்ரிலிக் எளிது என்று போனால் சுவரே மின்னேறி மணிகளை இழுத்து ஒட்டிக்கொள்ளும். கண்ணாடி மணிக்குக் கண்ணாடிச் சுவர் என்றால் உரசுவது ஒரே பொருள். சில மணி நேர் மின்னேற்றமும் சில மணி எதிர் மின்னேற்றமும் பெறும். நமக்கு வேண்டியது இந்தக் கலப்புதான்.

0.15 கிராம் மணி போடுங்கள், அதாவது பத்தாயிரம் மணிக்குச் சற்று மேல். நகைக்கடைத் தராசு இருந்தால் நல்லது. கண்மட்டத்துக்குப் போடுபவர்கள் ஒரு கிராம்வரை போட்டுவிடுவார்கள். பிறகு திரையில் சாம்பல் மூட்டம்தான் தெரியும். 0.15 கிராமில் ஒரு மணி சராசரி ஒன்றரை செ.மீ. போனால் இன்னொன்றைச் சந்திக்கும்.

அறையை 4 அங்குல ஸ்பீக்கரின் கூம்பு மேல் ஒட்டி, சட்டத்தின் அடித்தட்டில் பொருத்துங்கள். சின்ன ஆம்ப்ளிஃபையர் போர்டு, பழைய மொபைலிலிருந்து 50 ஹெர்ட்ஸ் ஒலி. கால் மி.மீ.க்குச் சற்றுக் குறைந்த அசைவு போதும், மணிகள் துள்ளும். பத்து நிமிடம் குலுக்குங்கள், அதுதான் மின்னேற்றம்.

நரம்பு இறுக்கமாக இருக்கும்வரை அழுத்தப்படும் மைக்ரோ ஸ்விட்ச் ஒன்றை முடிச்சருகே வையுங்கள். நரம்பு அறுந்ததும் அது விடுபடும், 0.1 நொடி கழித்து அர்டுயினோ நானோ என்ற சின்னக் கட்டுப்பாட்டு போர்டு ஸ்பீக்கரை நிறுத்தும். ஸ்விட்சை இரண்டு பெட்டிக்கும் நடுவில் வைப்பவர்கள் உண்டு. இரண்டும் சேர்ந்தே விழுவதால் அது நெடுநேரம் விடுபடாது, ஸ்பீக்கர் கடைசிவரை அதிரும்.

எடை போனதும் கூம்பு தானாகவே ஒரு மி.மீ. அளவுக்கு மேலே எழும்பி மணிகளை வீசும். அது வரவேற்கத்தக்கதே. ஆனால் முதல் 0.2 நொடி ஆட்டம் அடங்காது. அந்தப் பகுதியைக் கணக்கில் எடுக்காதீர்கள். மிச்சம் அரை நொடிக்குச் சற்று மேல்.

8. படம்பிடிப்பு

நொடிக்கு 240 ஃபிரேம் எடுக்கும் மொபைல் வேண்டும். ஷட்டர் 1/1000 நொடி அல்லது அதைவிட வேகம். அறைக்குப் பின்னால் பட்டர் பேப்பர், அதற்குப் பின்னால் பேட்டரியில் நேராக ஓடும் எல்இடி. டிம்மர் வைத்த விளக்கு மினுக்கும், ஃபிரேமுக்கு ஃபிரேம் வெளிச்சம் மாறும்.

ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டுங்கள். பூட்டினாலும் ஒரு சிக்கல் உண்டு. மொபைல் லென்ஸ் மெல்லிய ஸ்பிரிங்கில் தொங்குவது. எடை போனதும் அது நகர்ந்து படம் மங்கலாம். மணிகளுக்குப் பதில் மில்லிமீட்டர் தாளை அறையில் ஒட்டி ஒரு முறை விழவிட்டுப் பாருங்கள். விழும்போது கோடுகள் கூர்மையாக இருக்கிறதா? இல்லையென்றால் வேறு மொபைல் தேடுங்கள். அதே படம் உங்களுக்கு அளவுகோலாகவும் ஆகும்.

இன்னொரு பழைய மொபைலில் ஃபைஃபாக்ஸ் செயலியைப் போட்டு முடுக்கத்தைப் பதியுங்கள். கோடு பூஜ்யத்தை ஒட்டிப் படுத்திருக்க வேண்டும். நடுவில் முள் போல எழும்பினால் சட்டம் எங்கோ இடித்திருக்கிறது, அந்த வீழ்ச்சியைத் தள்ளிவிடுங்கள்.

9. வீழ்த்தும் வரிசை

ஈரமானி வாசிப்பை எழுதுங்கள். அறையில் மணிகளைப் போட்டு மூடுங்கள். குலுக்கலைத் தொடங்குங்கள். ஒன்பதாவது நிமிடம் வீடியோ, ஃபைஃபாக்ஸ் இரண்டையும் ஓடவிட்டுக் கதவை மூடுங்கள். ஆட்டம் நிற்கும்வரை பெட்டியை இருக்கவிடுங்கள். பத்தாவது நிமிடம் கம்பியைச் சூடாக்குங்கள்.

விழும் முன் உள்ள கடைசி அரை நொடி வீடியோவையும் பார்க்க வேண்டும். தரையில் துள்ளும்போதே கொத்தாகத் துள்ளினால் ஈரம். அது சோதனையாகாது.

மூன்று வகை வீழ்ச்சி தேவை: பத்து நிமிடம் குலுக்கியது, ஐந்து நொடி மட்டும் குலுக்கியது, கடைசியாகத் தரையிலேயே வைத்து நரம்பை மட்டும் அறுத்தது. ஒவ்வொன்றும் குறைந்தது பத்து முறை. ஒரே வகையைக் காலையிலும் மற்றதை மாலையிலும் செய்தால் வித்தியாசம் மணியுடையதா, வெயிலுடையதா என்று தெரியாமல் போகும். சீட்டு குலுக்கிப் போட்டு வரிசையை முடிவு செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் புட்டியிலிருந்து புது மணி.

10. வீடியோவைப் படிப்பது

இமேஜ்ஜே என்ற இலவச மென்பொருளில் ஃபிரேம்களைப் பிரித்து ஏற்றுங்கள். அவசரப்பட்டு எண்ணுபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும் இரண்டு மணிகள் நேர்க்கோட்டில் பார்த்தால் ஒட்டியது போலவே தெரியும். 24 ஃபிரேம், அதாவது 0.1 நொடி, சேர்ந்தே நகர்ந்தால் மட்டுமே ஒட்டியதாக எழுதுங்கள். சுவரிலிருந்து 3 மி.மீ.க்குள் இருப்பதை விட்டுவிடுங்கள், அதில் சுவரின் இழுப்பு கலந்திருக்கும்.

ஒரு ஜோடியை மட்டும் எடுத்து ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பாருங்கள். மின்னேற்றம் இல்லாத மணிகள் நேர்க்கோட்டில் வந்து, தொட்டு, நேர்க்கோட்டில் பிரியும். எதிரெதிர் மின்னேற்றம் கொண்டவை நெருங்கும்போது பாதை வளையும், வேகம் கூடும். மோதிப் பிரியும், சற்றுத் தூரம் போய்த் தயங்கும், திரும்பி வரும். ஒவ்வொரு மோதலிலும் கொஞ்சம் வேகம் போகும். மூன்றாவது, நான்காவது மோதலில் எகிறுவதற்குத் தெம்பு இருக்காது, ஒட்டிக்கொள்ளும். அந்தத் திரும்பி வரும் பாதையைப் பதிவு செய்துவிட்டால் திரளின் எண்ணிக்கையைவிட வலுவான சான்று உங்கள் கையில் இருக்கும். ஈரத்தால் ஒட்டும் மணி இப்படிப் போய்த் திரும்பாது. தொட்ட இடத்திலேயே நிற்கும்.

ஒவ்வொரு வீழ்ச்சிக்கும் எழுத வேண்டியவை: தேதி, நேரம், ஈரப்பதம், மணியின் எடை, குலுக்கிய நேரம், முதலில் மிதந்த மணிகளின் எண்ணிக்கை, ஒட்டிய ஜோடிகள், மூன்றுக்கு மேல் சேர்ந்த கொத்துகள். தள்ளிவிட்ட வீழ்ச்சியையும் காரணத்தோடு எழுதுங்கள்.

11. அடுத்து எங்கே

அரை நொடிக்குள் ஜோடியும் மூன்று, நான்கு மணிக் கொத்தும்தான் கிடைக்கும். பெரிய திரளுக்கு நேரம் வேண்டும். சென்னை ஐஐடியில் 2.5 நொடி வீழ்கோபுரம் இருக்கிறது, குப்பத்திலிருந்து ஒரே ரயிலில் போகும் தூரம். பிரேமன் கோபுரம் 146 மீட்டர் உயரம், விழவிட்டால் 4.74 நொடி, கீழிருந்து எறிந்தால் 9 நொடிக்கு மேல். அங்கெல்லாம் கேட்பதற்கு முன் முப்பது வீழ்ச்சிகளின் பதிவேடும், ஒரே ஒரு ஜோடி திரும்பி வரும் பாதையின் வரைபடமும் கையில் இருக்கட்டும். எந்த உயரத்திலும் உலர்த்தும் முறையும் குலுக்கும் நேரமும் இவையே. மாற வேண்டியது அறையின் அளவும் மணியின் எடையும் மட்டும்.